ஆணி அடிக்காத அடுப்படி

வீட்டுச் சாவியைக் கொடுக்குமுன் சீனியம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். அதையும் வளவிலிருந்த மற்ற மூன்று வீட்டுக்காரிகளும் கேட்கட்டும் என்று குழாயடியில் நின்று சத்தமாகப் போட்டாள்.

"சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது. காலண்டருக்கும் அடிக்கப்படாது, சாமி படத்துக்கும் அடிக்கப்படாது. ஆணிச் சத்தம் எங் காதுல விழுந்த அன்னைக்கே சாமான் தெருவுல கெடக்கும். சம்மதமின்னா பால் காய்ச்சு. இல்லைன்னா வேற எடம் பாரு."

இசக்கியம்மாள் சாவியை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். "நான் ஆணியே வாங்க மாட்டேன் பெரியம்மா."

"வாங்குவியோ விப்பியோ. அடிக்கப்படாது."

சும்மா சொல்லக் கூடாது, அந்த நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. சீனியம்மாளின் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் கட்டிய வளவு அது. செங்கலை மண் குழைத்து அடுக்கி, மேலே ஒரு விரற்கடை கனத்துக்குச் சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார். மண்ணுக்கும் காரைக்கும் எப்போதும் முழு ஒட்டு கிடையாது. பார்வைக்குச் சுவர் கெட்டியாகத்தான் இருக்கும். ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே மண் நொறுங்கி இடம் கொடுத்துவிடும்; பிடிமானமில்லாத காரை சோற்றுத் தட்டு அகலத்துக்கு அப்படியே விழும். முன்பு குடியிருந்த லாரி டிரைவர் சட்டை மாட்ட ஓர் ஆணி அடித்து, அந்த ஆணியோடு சுவரில் ஒரு முழம் பெயர்ந்து வந்தது. மறுநாள் அவரும் பெயர்ந்து போனார்.

எண்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை அது. இசக்கியின் புருஷன் சுயம்புலிங்கம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தான். அதுவரை செட்டியார்பட்டியில் அண்ணன் பொன்னுராஜோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே வீடு என்றால் ஒரே அடுப்படி. அடுப்படி என்றால் அண்ணன் பெண்டாட்டி ரத்தினம். மூன்று வருஷம் இசக்கி அங்கே அரைத்தாள், கழுவினாள், ஊதினாள். உப்புச் சட்டியை மட்டும் தொட்டதில்லை. ஒருநாள் ரத்தினம் கொல்லைப் பக்கம் போயிருந்தபோது புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இசக்கி உப்புப் போட்டு இறக்கி வைத்தாள். திரும்பி வந்த ரத்தினம் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. குழம்புச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கழனித் தொட்டியில் கவிழ்த்தாள்.

"எங் கை படாத குழம்ப என் வீட்டு மாடுதான் குடிக்கும்."

மறுநாளே சுயம்பு ராஜபாளையத்திலேயே வீடு தேட ஆரம்பித்தான். பொன்னுராஜ் தடுக்கவில்லை. ஒரு வார்த்தை மட்டும் வாங்கினான்.

"தனியாப் போறதுன்னா போ. ஆனா தை பொறக்குறதுக்குள்ள அந்த வீட்ட விட்டு எறங்குற மாதிரி வந்துச்சுன்னா, ஒம் பெண்டாட்டிக்குக் குடும்பம் நடத்தத் தெரியலன்னு அர்த்தம். வேற வீடு தேடப்படாது. நேரா இங்கதான் வரணும். சரிதானா?"

"சரிண்ணே," என்றான் சுயம்பு.

கதவுக்குப் பின்னால் நின்ற இசக்கிக்கு அந்த 'சரி' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒன்பது மாதம். எப்படியாவது அந்த அடுப்படியில் ஒன்பது மாதம் தள்ளியாக வேண்டும்.

அந்த அடுப்படியோ ஆறடி நீளம், ஐந்தடி அகலம். பின்பக்கம் சாய்ப்பாக இறக்கி ஓடு போட்டிருந்தது. ஒரு மூலையில் பாத்திரம் கழுவ அங்கணம். நாலு கம்பி ஜன்னல் ஒன்று. கதவு நிலையில் பழைய கொக்கி ஒன்று. அவ்வளவுதான். மாடக்குழி இல்லை, பரண் இல்லை, ஒரு பலகை இல்லை. அரிசிப் பானை, பருப்புச் செம்பு, மிளகாய் டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாம் தரையில். உட்கார்ந்தால் கால் நீட்ட இடமில்லை. எழுந்தால் கொதிக்கிற உலையில் சேலை படும். கட்டெறும்பு கருப்பட்டிக்கு வழி போட்டுவிட்டது. பக்கத்து வீட்டு அய்யம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ அடுப்படிக்குள்ள இருக்கியா, சாமான் மூட்டைக்குள்ள இருக்கியா?" என்றாள்.

ஒரு மத்தியானம் இடுப்பு தாளாமல் இசக்கி அங்கேயே தரையில் மல்லாந்து படுத்தாள். மேலே சரிவாக இறங்கிய கைமரங்கள் ஐந்து. அவற்றுக்குக் குறுக்கே, ஓடுகளைத் தாங்குவதற்கு வரிசையாக அடித்த ரீப்பர்ச் சட்டங்கள். கைமரம் நல்ல வைரம் பாய்ந்த பனை. செத்த நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். சீனியம்மாள் சுவரைத்தான் சொன்னாள். கூரையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மில்லுக்குப் பஞ்சு பேல் பேலாக வரும். பஞ்சை மிஷினில் வைத்து அமுக்கி, விரிந்துவிடாமலிருக்க இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஆனால் ஒரு பேல் பஞ்சு திமிறுகிற திமிறலை ஏழெட்டுப் பட்டைகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. மில்லில் புளோ ரூமில் பட்டையை வெட்டிப் போட்டுவிட்டுப் பஞ்சைப் பிரிப்பார்கள். வெட்டிய பட்டை பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட கடை ஒன்றை வைத்திருந்தவர் வேல்சாமி.

"பட்டையா? எதுக்கு, கோழிக்கூட்டுக்கா?" என்றார் அவர்.

"அடுப்படிக்கு அண்ணாச்சி."

"அடுப்படிக்குன்னா பலசரக்குக் கடையிலல்லா கேக்கணும். கறிக்குப் போடுற பட்டை இங்க கெடையாது."

"நான் கறியும் வைக்கல, கோழியும் வளக்கல. அரிசிப் பானையக் கூரையில கட்டித் தொங்கவிடப் போறேன்."

வேல்சாமி தராசை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பொறவு கடைக்குள் போய்த் துருப்பிடிக்காத பட்டையாகப் பொறுக்கி, பேலோடு வந்த கொக்கிகளும் சேர்த்துக் கொண்டுவந்து போட்டார். மிஷின் சாமான் வந்த பெட்டியின் பலகை இரண்டும் கிடைத்தது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் குடோனுக்குப் பின்னால ஒரு ரூம்பு கெடக்கு," என்றார் கட்டிக்கொண்டே. "ரெண்டு வருசமாப் பூட்டித்தான் கெடக்கு. வாரவ எல்லாம் 'அடுப்படி எங்க'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிருதா. நாலு சுவரும் ஓடும்தான் இருக்கு, அடுப்படிக்கு நான் எங்க போவேன்? நீ கட்டித் தொங்கவிட்டு முடிச்சதும் சொல்லு. நான் வந்து பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை சுயம்புவுக்கு லீவு. இரண்டு பேரும் காலையிலேயே ஆரம்பித்தார்கள். வேலை இதுதான்: பட்டையை ஒரு பெரிய வளையமாக்கி, மேலே கைமரத்தைச் சுற்றி, கீழே பலகைக்கு அடியில் கொடுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு பலகைக்கு இரண்டு வளையம். சேர்க்கிற இடத்தில் பேல் கொக்கி. அந்தக் கொக்கியில் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டையின் இரண்டு நுனியையும் அதற்குள் நுழைத்து மடக்கிவிட்டால், பாரம் இழுக்க இழுக்க மடிப்பு இன்னும் இறுகும். சும்மா இருக்கும்போது கழற்றிவிடலாம். பாரம் ஏறிவிட்டால் யானை வந்தாலும் கழற்ற முடியாது.

கைமரம் சரிவாயிற்றே, வளையம் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடாதா? வரும். சுயம்பு முதலில் மாட்டிய வளையம் அப்படித்தான் சர்ரென்று சறுக்கியது. ஆனால் ரீப்பர்ச் சட்டம் வரை வந்து, அதில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. "நிக்கி பாரு!" என்று இசக்கி கை தட்டினாள். சட்டத்துக்கு மேல்பக்கமாக மாட்டினால் போதும். கீழே இழுக்கிற பாரமே அதைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திவிடும்.

பட்டையின் ஓரம் சவரக்கத்தி மாதிரி. மதியத்துக்குள் சுயம்புவின் இரண்டு உள்ளங்கையும் கிழிந்துவிட்டது. கழிவு நூலைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி மடக்கினான். பலகை மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க, சோற்றுத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்தாள் இசக்கி. தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கினால், அந்தப் பக்கத்து வளையத்தை ஒரு விரல் ஏற்றினார்கள். கடைசியில் பலகை ஊஞ்சல் மாதிரி ஆடியது. அதற்கு இசக்கி தன் ஊர் வித்தையை எடுத்தாள். வன்னியம்பட்டியில் அவளுடைய அய்யா வைக்கோல் பாரம் ஏற்றினால் நேர்க்கயிறு மட்டும் போட மாட்டார். எதிரெதிர்ப் பக்கத்துக்குச் சாய்வாக இரண்டு கயிறு இழுத்துக் கட்டுவார். ஒரு கயிறு சாயவிட்டால் மற்றது இழுக்கும். பலகையின் ஒரு முனையிலிருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு கயிறு, மறுமுனையிலிருந்து கதவுநிலைக் கொக்கிக்கு ஒரு கயிறு. முறுக்கி இறுக்கியதும் பலகை நின்றது. அரிசிப் பானையை ஏற்றி, ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

அதற்குப் பிறகு இசக்கிக்குக் கை நிற்கவில்லை. மில்லில் நூல் சுற்றி ஒடுங்கிப்போன அட்டைக் கோன்களை வாங்கிவரச் சொல்லி, பலகை விளிம்பில் வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டாள். கோனுக்கு மேல்வாய் அகலம், கீழ்வாய் குறுகல். கரண்டிக் காம்பு உள்ளே போகும், தலை நின்றுகொள்ளும். அகப்பைக்கு ஒன்று, மத்துக்கு ஒன்று, அரிவாள்மணை துடைக்கிற துணிக்குக்கூட ஒன்று. சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணியில் ஓரம் பிசகியதை வாங்கி, மஞ்சளில் முக்கிக் காயவைத்துப் பலகைக்கு முன்னால் திரையாக விட்டாள். காற்று போகும், ஈ போகாது.

வெள்ளையடிக்க மட்டும் சீனியம்மாளிடம் கேட்டாள்.

"ஒங் கைக்காசுல அடிக்கதுன்னா தெருவுக்கே அடி. என்னையக் கேக்காத."

ஆலங்குளத்துப் பக்கமிருந்து வந்த சுண்ணாம்புக்கல்லைப் பானையில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். தீ இல்லாமலே அது கொதித்தது. பானையைத் தொட முடியவில்லை. ஒருநாள் ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாமலிருக்க உப்பும் சோற்றுக்கஞ்சியும் சேர்த்து, சொட்டு நீலம் விட்டாள். கற்றாழை நாரை நசுக்கித் தூரிகையாக்கி மூன்று பூச்சு. அடியில் காவியால் ஒரு கோடு. அடுப்புக்கு மரத்தூள் அடுப்பு. பெரிய தகரத்தின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு கம்பைச் செருகி, நடுவில் ஒரு பாட்டிலைக் கம்பின்மேல் நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் குத்திக் குத்தி இறுக்குவாள். பொறவு பாட்டிலை மெதுவாகத் திருகி உருவி, கம்பையும் இழுத்தால், உள்ளே குழாய் மாதிரி வழி நிற்கும். கீழே தீ வைத்தால் மேலே எரியும். மரஅறுவை மில்லில் ஒரு சாக்குத் தூள் சும்மா கிடைத்தது. புகை தங்காமலிருக்க சுயம்பு ஏறி, கூரை ஓடு ஒன்றை இரண்டு விரல் உயர்த்தி அடியில் சில்லு கொடுத்தான். புகை மேலே போனது. அதே வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கியது. காலையில் ஒன்பது மணிக்கு அந்த வெளிச்சம் சரியாக அரிசிப் பானையின் மேல் விழும்.

சீனியம்மாள் வந்தாள். வாசலில் செருப்பைக்கூட விடவில்லை. பலகையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரண்டை போய், பேன் பார்க்கிற மாதிரி இரண்டு கையாலும் தடவிக்கொண்டே நாலு பக்கமும் சுற்றினாள்.

"எங்க அடிச்சிருக்க?"

"அடிக்கல பெரியம்மா."

"அடிக்காம அந்தரத்துலயா நிக்கி? நீ என்ன மாயக்காரியா?"

"மேல பாருங்க."

சீனியம்மாள் மேலே பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. கையில் ஒட்டியிருக்குமோ என்று பார்த்தாள், சுண்ணாம்பும் ஒட்டவில்லை.

"கைமரம் ஒடிஞ்சு எந் தலையில விழுந்தா?"

"நீங்க எதுக்கு எங்க அடுப்படிக்குள்ள வந்து படுக்கப் போறிய?"

குழாயடியில் அய்யம்மாள் சிரித்துவிட்டாள். சீனியம்மாள் அன்றைக்கு அந்தச் சிரிப்பை மறக்கவில்லை, என்றைக்கும் மறக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து இசக்கியின் குடத்தில் தண்ணீர் பாதி நிறைந்ததும் சீனியம்மாளுக்குக் குழாயில் அவசர வேலை வந்தது. கொடியில் காயும் சேலை கீழே கிடந்தது. "நேத்து வந்தவளுக எல்லாம் சட்டம் பேசுதாளுக" என்று பூனையிடம் சொல்வதைப் போல முற்றத்தில் சொன்னாள். இசக்கியும் சும்மா இருக்கவில்லை, "ஏ பூன, ஒனக்கு வேற போக்கிடம் இல்லையா?" என்று உள்ளேயிருந்து அதே பூனையைக் கேட்டாள்.

ஆனால் பேச்சு பரவிவிட்டது. வளவுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். அடுத்த தெருவிலிருந்து வந்தார்கள். மேலத்தெரு தெலுங்குக்காரம்மா ஒருத்தி பலகையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு, "பாக உந்தி!" என்று மெச்சிவிட்டுப் போனாள். வேல்சாமி ஒருநாள் வந்து, கொக்கியைத் தட்டிப் பார்த்து, "இத்தன வருசம் இத எடைக்குல்லா போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இசக்கி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஆடி அமாவாசைக்கு ரத்தினத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தன் உப்பு, தன் குழம்பு, தன் அடுப்படி. இதை ரத்தினம் பார்க்காவிட்டால் பின்னே யார் பார்த்து என்ன?

ரத்தினம் வந்தாள். சாப்பிட்டாள். இரண்டாம் சோற்றையும் வேண்டாமென்று சொல்லவில்லை. அடுப்படி வாசலில் நின்று மெதுவாகத் திரையை ஒதுக்கிப் பார்த்தாள்.

"வாடக வீட்டுக்கு எதுக்குட்டி இம்புட்டுச் சிங்காரம்? எறங்கும்போது தலையில சொமந்துட்டா போவ?"

"தை வரைக்கும் எறங்க மாட்டேன்க்கா."

"பாப்போம்."

கை கழுவிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. சீனியம்மாள் இருந்த முன்வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெற்றிலைச் சிவப்போடு வெளியே வந்தாள்.

"ரெண்டும் ஒண்ணு சேந்திருச்சுட்டி," என்று அய்யம்மாள் சேதி கொண்டுவந்தாள். "'எங் கொழுந்தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கான், நீங்க எறங்கச் சொன்னா மறுபேச்சுப் பேசாம எறங்கிருவான்'னு ஒங்க அக்காக்காரி எடுத்துக் கொடுக்கா. நம்ம வீட்டுக்காரிக்குத் தம்பி மக மாரியாத்தாள்னு ஒருத்தி, கல்யாணமாகி வீடு தேடுதாளாம். 'அடுப்படிகூட ரெடியா இருக்கு'ன்னு இவ சொல்லுதா. ஒன் அடுப்படியத்தான் சொல்லுதா!"

ஆவணி பிறந்த மூன்றாம் நாள் சீனியம்மாள் வந்தாள். இந்தத் தடவையும் செருப்போடுதான்.

"புரட்டாசியில யாரும் வீடு மாற மாட்டாக. அதனால ஆவணிக்குள்ள காலி பண்ணு. எந் தம்பி மக வாரா."

"நான் என்ன தப்புப் பண்ணேன்? ஒரு ஆணி அடிச்சனா?"

"கைமரத்துல பாரம் ஏத்தியிருக்க. கூர எறங்குது."

"எங்க எறங்குது? காட்டுங்க."

"எங் கூர, எங் கண்ணுக்குத் தெரியும். பொறவு ஒண்ணு. பலகை, பட்டை, திரை எல்லாம் இருந்தபடி இருக்கணும். வீட்டுல மாட்டுனது வீட்டுக்குச் சொந்தம். ஒன் சட்டி பானைய மட்டும் எடுத்துக்கோ."

சுயம்பு முதல் ஷிப்டு முடிந்து நாலு மணிக்கு வந்தான். இசக்கி காப்பியை முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அண்ணனுக்குச் சரின்னு சொல்லிட்டேனே இசக்கி."

"யாருக்குச் சொன்னிய? அவிய ரெண்டு பேரும் சேந்து நம்மள எறக்குதாக. இதுக்கா சரின்னிய? வேல்சாமி அண்ணாச்சி ரூம்பு கெடக்கு. 'குடியிருக்க வாரியா'ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. பஸ் ஏறுனா அரமணி நேரம் ஒங்க மில்லு."

"வாக்குன்னு ஒண்ணு இருக்குல்லா."

"எங் குழம்பு மாட்டுத் தொட்டியில கெடந்துச்சே, அதுவும் இருக்குல்லா."

எங்கே போவது என்று ஆவணிக் கடைசி ஞாயிறு வரை அவன் சொல்லவில்லை. வேல்சாமியிடம் சாவியை வாங்கி வைத்திருக்கிறேன் என்று இசக்கி ஒருமுறை சொன்னபோதும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளங்கைத் தழும்பைத் தடவினான். அதனால் எந்த ஊருக்கு மூட்டை கட்டுகிறோம் என்று தெரியாமலேயே இசக்கி மூட்டை கட்டினாள்.

ஞாயிறு காலையில் வண்டிப்பேட்டையிலிருந்து கருத்தப்பாண்டியின் மாட்டுவண்டி வந்து நின்றது. அதற்கு முன்பே முதல் பஸ்ஸில் ரத்தினம் வந்து இறங்கியிருந்தாள். சீனியம்மாள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதுத் தாலிச் சரடு மஞ்சளாய்த் தெரிய, மாரியாத்தாள். வளவே வாசலில் நின்றது.

இசக்கி முதலில் மரத்தூள் அடுப்பை எடுத்தாள். அன்று அதிகாலையிலேயே அதில் புதுத் தூளைக் குத்தி இறுக்கியிருந்தாள். கம்பும் பாட்டிலும் உள்ளேயே நின்றன. அதை வாசலில் ஓரமாக வைத்தாள். பிறகு பானைகளை இறக்கினாள். பாரம் போனதும் வளையம் தொய்ந்தது. கொக்கி தானாக நெகிழ்ந்தது. மேலே ஏறிய சுயம்பு பட்டையின் நுனியை உருவினான்.

"ஏய், என்ன பண்ணுதிய?" என்று சீனியம்மாள் எழுந்து உள்ளே ஓடி வந்தாள். "நான் என்ன சொன்னேன்? மாட்டுனது வீட்டுக்குச் சொந்தம்!"

"எதுல மாட்டுனது பெரியம்மா?" இசக்கி குரலை உயர்த்தவில்லை. "ஆணி அடிச்சு மாட்டியிருந்தா வீட்டோட சேத்தி. நீங்கதான் அடிக்கப்படாதுன்னிய, குழாயடியில நின்னு சொன்னிய. இந்தா சுவரு. தடவிப் பாருங்க. ஒரு ஆணி இருந்தாலும் அது ஒங்களது, வச்சுக்கிடுங்க."

சீனியம்மாளின் கை பழக்கத்தில் சுவருக்குப் போனது. ஒரு பக்கம் தடவியவள் அதற்குமேல் தடவாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஓட்டத் தூக்கியிருக்கியே, அத இருந்தபடி வைடி!"

சுயம்பு கையை நீட்டிச் சில்லை உருவினான். ஓடு ணங்கென்று இருந்த இடத்தில் விழுந்தது. அடுப்படி இருண்டுபோயிற்று. உள்ளே நின்ற மூன்று பேருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

பலகையும் பட்டையும் முற்றத்துக்கு வந்தன. ரத்தினம் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"பலக நல்லாத்தான் இருக்கு. தொழுவத்துல மாட்டுக்குக் கீழ போட்டா மூத்திரம் தேங்காது. பட்டைய அந்தக் கோழிக்கூட்டுக்கு அடிச்சுக்கலாம் கொழுந்தனாரே. இந்த மஞ்சத் துணி கன்னுக்குட்டிக்குச் சாணி தொடைக்க ஆகும்."

பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த சுயம்புவின் கை நின்றது. இசக்கி பார்த்தாள். அவன் ரத்தினத்தைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையில் குறுக்கும் நெடுக்குமாய் இருந்த வெள்ளைத் தழும்புகளைப் பார்த்தான். மறுபடி சுருட்ட ஆரம்பித்தான், முன்னைவிட இறுக்கமாக.

வண்டியில் பாரம் ஏறியது. இசக்கி எதிரெதிராக இரண்டு சாய்வுக் கயிறு இழுத்துக் கட்டினாள். ரத்தினம் முன்னாலேயே ஏறி, வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் சேலையைச் சரிசெய்து உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்குள் மாரியாத்தாளின் குரல் கேட்டது. "அடுப்படி ரெடின்னிய அத்த. இங்க என்ன இருக்கு? அரிசிப் பானய எங்க வைக்க? தலையிலயா?"

"கெடக்கட்டும்டி, பொறு. பலகதான, எம்புட்டு நேரம் ஆவும்? அந்தச் சுத்தியல எடு."

வளவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. டொக். ஒரு அடி. டொக். இரண்டாவது அடி. மூன்றாவது அடி விழவில்லை. அதற்குப் பதிலாகப் பொலபொலவென்று ஒரு சத்தம், பிறகு பொத்தென்று ஒரு சத்தம், கடைசியாக மாரியாத்தாளின் இருமல்.

"அத்த, சுவரு வருது! சுவரு வருது!"

அய்யம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வெள்ளையாய்த் தலையெல்லாம் காரை பூசிக்கொண்டு சீனியம்மாள் வாசலுக்கு வந்து, "கண்ணு வச்சிட்டுப் போறா பாவி! நீ உருப்படுவியா!" என்று கத்தினாள்.

"ரெண்டு பேர்ல யாரு உருப்படுதோம்னு ஒங்க சுவத்தக் கேளுங்க," என்றாள் இசக்கி.

கருத்தப்பாண்டி மாட்டின் கயிற்றைக் கையில் எடுத்தான். "தெக்கதான? செட்டியார்பட்டி?"

"தெக்கதான்," என்றாள் ரத்தினம்.

சுயம்பு வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். "மதினி, நீங்க எறங்குங்க."

"என்னது?"

"எறங்குங்க. செட்டியார்பட்டி பஸ்ஸு பத்து மணிக்கு. வண்டி வடக்க போகுது."

"ஏலே, அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்க!"

"கொடுத்தேன். அண்ணங்கிட்ட நானே வந்து சொல்லுதேன், வாக்குத் தப்பிட்டேன்னு. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன். நீங்க எறங்குங்க."

ரத்தினம் இறங்கினாள். இறங்கும்போது அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. வளவுக்காரிகள் அதை ஒரு வருஷம் வரை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருமுனை திரும்பும்வரை முன்னால் ரத்தினத்தின் ஏச்சும் பின்னால் சீனியம்மாளின் ஏச்சுமாக வண்டி நடுவில் போனது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் காற்று மலையிலிருந்து இறங்கியது. ஒவ்வொரு குழிக்கும் பட்டைச் சுருள் கிணிங்கென்றது. இசக்கி மரத்தூள் அடுப்பை மடியில் வைத்து இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். பாரம் அசையவில்லை. கொஞ்சதூரம் போனதும் சுயம்பு திரும்பிப் பார்த்தான்.

"அத எதுக்கு மடியில வச்சிருக்க? பாட்டில எடுத்துட்டுப் பாரத்து மேல வையி."

"இப்ப உருவுனா வண்டி குலுங்குற குலுக்குல தூளு சரிஞ்சு வழி மூடிரும். போயி எறக்கி வச்ச பொறவுதான் உருவணும்." பாட்டிலின் கழுத்தை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "உப்புச் சட்டி எந்தச் சாக்குல இருக்குன்னு மட்டும் பாருங்க."